கடைசலின் கணிதம்: சுவர்மேல் அமையும் மரக்கடைசல் கலையில் சுருளும் சமச்சீரும்

ஆய்வுச்சுருக்கம்

மரத்தைக் கடைந்து சுவரில் மாட்டும் கலைப்பொருள்கள் கணிதச் சுருள்களின் பெயராலும் சமச்சீரின் பெயராலும் அறிமுகம் பெறுகின்றன. அப்பெயரீட்டின் பொருத்தப்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. கடைசல் எந்திரத்தின் இயக்கத்திலேயே ஒரு சுருள் உள்ளது. ஆனால் பாராட்டைப் பெறுவது வேறொரு சுருள். இவ்விரண்டின் வேறுபாடும், மரத்தின் இயல்பு வட்டச் சமச்சீரைக் குலைக்கும் முறையும், கிடையாக வைக்கப்பட்ட பொருள் செங்குத்தான சுவருக்கு மாறும்போது நிகழும் பார்வை மாற்றமும் இங்கு விவாதிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கடைசல், சுருள், திருகு, சமச்சீர், பொன்விகிதம், ரோசா எந்திரம், பிளவுக் கடைசல்

சொல்லிலிருந்து தொடங்குதல்

'கடைதல்' என்னும் வினை தமிழில் இரு தொழில்களுக்குப் பொதுவானது. மத்தினால் தயிரைக் கடைவதும் உளியினால் மரத்தைக் கடைவதும் ஒரே சொல்லால் வழங்குகின்றன. மத்தைச் சுற்றிய கயிற்றை இரு கைகளும் மாறிமாறி இழுக்கும் அசைவும், பழைய கடைசல் பட்டறையில் தண்டைச் சுற்றிய கயிற்றை முன்னும் பின்னுமாக இழுக்கும் அசைவும் ஒன்றே ஆதலின் இப்பொதுமை வியப்பிற்குரியதன்று. 'கடைந்தெடுத்தாற்போல' என்று ஓர் உருவின் செம்மையைப் புகழ்கிறோம். 'கடைந்தெடுத்த முட்டாள்' என்று ஒருவரை வைகிறோம். எப்பக்கம் திருப்பினும் மாறாத முழுமையே இரு வழக்குகளின் உட்பொருள் எனக் கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொண்டால், கணிதவியலார் சுழற்சிச் சமச்சீர் என்று வரையறுப்பதைப் பேச்சுவழக்கு ஒரு வசைக்குள் வைத்திருக்கிறது எனலாம்.

கலைச்சொல் குறித்து ஒரு தெளிவு தேவை. தட்டையான பரப்பில் மையத்திலிருந்து விரிந்து செல்லும் வளைவும், தண்டினைச் சுற்றி மேலேறும் வளைவும் தமிழில் பெரும்பாலும் 'சுருள்' என்றே எழுதப்படுகின்றன. இவை கணிதத்தில் வெவ்வேறானவை. இக்கட்டுரையில் முன்னது சுருள், பின்னது திருகு. சுவர்க் கலை பெரிதும் வட்டத்தட்டுகளால் ஆனது. ஆகவே இங்குப் பேசப்படுவது சுருளே. திருகு பற்றி ஒன்று மட்டும். ஐரோப்பிய மேசைக்கால்களில் புகழ்பெற்ற முறுக்குத் திருகு கடைசல் எந்திரத்தின் வேலைப்பாடு எனக் கருதப்படுவதுண்டு. உண்மையில் தண்டை உருட்டிக் கடைந்து கோடுகளைக் குறித்தபின், எந்திரத்தை நிறுத்தி, இரம்பத்தாலும் அரத்தாலும் கைவேலையாக வெட்டி எடுப்பதே அதன் மரபு முறை. எந்திரத்தின் பெயரால் அறியப்படும் ஒன்று கையின் வினையாக இருப்பதைக் கீழே மீண்டும் காண்போம்.

எந்திரம் வரையும் சுருள்

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீசு சுருள்கள் குறித்து எழுதிய நூலில் சுருளை இயக்கத்தின் வழியே வரையறுத்தார். ஒரு கோடு தன் ஒரு முனையை மையமாகக் கொண்டு சீரான வேகத்தில் சுழல்கிறது. அதே வேளையில் அக்கோட்டின்மீது ஒரு புள்ளி சீரான வேகத்தில் நகர்கிறது. அப்புள்ளியின் தடமே சுருள். இவ்வரையறையைப் படிக்கும் எந்தக் கடைசல் தொழிலாளியும் தன் வேலையை அடையாளம் கண்டுகொள்வார். முகத்தட்டில் பொருத்திய மரவட்டு சுழல்கிறது. உளி விளிம்பிலிருந்து மையம் நோக்கி நகர்கிறது. கோட்டுக்கு மாற்றாக மரம் சுழல்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டு நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் சுழல்வதாகக் கொள்வோம். உளி விளிம்பிலிருந்து மையத்தை அடைய அரை நிமிடம் எடுத்தால், அதற்குள் வட்டு 300 முறை சுழன்றிருக்கும். உளி கடந்த தொலைவு 150 மில்லிமீட்டர். ஆகவே மரத்தின்மேல் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் 300 சுற்றுகள் கொண்ட ஆர்க்கிமிடீசுச் சுருள் ஒன்று பதிந்துவிடுகிறது. கடைபவர் அதை வரைய எண்ணியதில்லை. உப்புத்தாளால் தேய்த்து அகற்ற வேண்டிய உளித்தடமாகவே அதைக் கருதுகிறார். மேற்பரப்பு மழமழப்பாகும்போது அச்சுருள் அழிகிறது.

காட்சிக்கூடத்தில் பெயர்ச்சீட்டில் இடம்பெறும் சுருள் இதுவன்று. அது பொன்விகிதச் சுருள் எனப்படும் மடக்கைச் சுருள். ஒவ்வொரு கால்சுற்றுக்கும் ஏறத்தாழ 1.618 மடங்கு விரிவது அதன் இலக்கணம். முழுச் சுற்றுக்கு இப்பெருக்கம் 6.85 மடங்காகிறது. இதன் விளைவை மேற்கூறிய வட்டிலேயே கணக்கிடலாம். விளிம்பில் 150 மில்லிமீட்டர் ஆரத்தில் தொடங்கும் வளைவு, ஒரு சுற்று உள்ளே வந்ததும் 22 மில்லிமீட்டரை அடைகிறது. இரண்டாம் சுற்றில் 3 மில்லிமீட்டர். மூன்றாம் சுற்றில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதாவது, அவ்வட்டில் கண்ணுக்குத் தெரியும் சுற்றுகள் மூன்றைத் தாண்டா. இத்தகைய வளைவை உளி தானே வரைய வேண்டுமாயின், மையத்திலிருந்து உள்ள தொலைவுக்கு நேர்விகிதத்தில் அதன் வேகம் மாற வேண்டும். வட்டும் மிக மெதுவாகச் சுழல வேண்டும். மரத்தைக் கடையும் வேகத்தில் அது கைக்கு இயலாது. கணினியால் இயங்கும் செதுக்கு எந்திரம் எளிதில் செய்யும். ஆனால் அங்குக் கடைசல் என்ற சொல்லுக்கே வேலையில்லை. ஆகவே கடைசற்பொருளில் பொன்விகிதச் சுருள் எந்திரம் நின்ற பின்னரே தொடங்குகிறது. வார்ப்படம் வைத்துக் கோடு கிழித்து, கையால் செதுக்கியோ சூட்டுக்கோலால் தீய்த்தோ அது உருவாகிறது.

இதனைக் குறையெனக் கூறுவது நோக்கமன்று. செதுக்குதலும் கலையே. குறை, விளக்கத்தில் உள்ளது. நாட்டிலசு என்னும் கடல்வாழ் உயிரியின் ஓட்டைச் சான்றுகாட்டி 'இயற்கையின் பொன்விகிதம்' என்று எழுதும் வழக்கம் தொடர்கிறது. அவ்வோடு மடக்கைச் சுருளே. ஆயினும் முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கே விரிகிறது. 6.85 எங்கே, 3 எங்கே! அளந்து பார்த்தால் கலைந்துவிடும் ஒப்புமையை ஒரு கலைப்பொருளின் பெருமைக்கு ஆதாரமாக்குவது அப்பொருளுக்கே இழுக்கு.

இக்குழப்பம் புதிதன்று. மடக்கைச் சுருளின்மேல் பெரும் ஈடுபாடு கொண்டிருந்த கணிதவியலார் யாக்கோபு பெர்னூலி 1705-இல் மறைந்தார். மாற்றமுற்றும் அதே வடிவில் மீண்டெழுவதைக் குறிக்கும் இலத்தீன் வாசகத்தோடு அச்சுருளைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பாசெல் நகரப் பேராலயத்தில் உள்ள அக்கல்லில் கல்தச்சர் பொறித்தது சீரான இடைவெளி கொண்ட ஆர்க்கிமிடீசு வகைச் சுருள். இந்நிகழ்வு கல்தச்சரின் அறியாமைக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லப்பட்டு வருகிறது. கருவியை அறிந்தவர் பார்வையில் இதற்கு வேறு விளக்கமும் உண்டு: சீரான இடைவெளியே கைத்தொழிலின் இயல்பான ஒழுங்கு. முளையில் சுற்றிய கயிறு அவிழும்போதும், பாய் சுருளும்போதும், ஓலை சுற்றப்படும்போதும் கிடைப்பது அதுவே.

ஐம்பத்தைந்தும் நூற்று நாற்பத்து நான்கும்

கணிதம் பெயரளவில் நில்லாமல் வேலைப்பாட்டிலேயே நுழையும் இடங்களும் உள. சூரியகாந்தி வித்தமைப்பை வட்டில் துளைகளாகவோ பதித்த குமிழ்களாகவோ அமைக்கும் வகையைச் சான்றாகக் கொள்ளலாம். 1979-இல் எல்முட் வோகல் தந்த மாதிரியின்படி, ஒவ்வொரு வித்தும் முந்தையதிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை திரும்பி நிற்கிறது. மையத்திலிருந்து அதன் தொலைவு வரிசை எண்ணின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. இதனால் ஒவ்வொரு வித்துக்கும் சம பரப்பு கிட்டுகிறது.

கடைசல் எந்திரத்தில் வட்டத்தைச் சம பங்குகளாக நிறுத்தப் பகுப்புத்தட்டு உண்டு. 144 துளைகள் கொண்ட வட்டம் அலங்காரக் கடைசலில் பழக்கமானது. அதில் ஒரு துளைக்கு 2.5 பாகை. 55 துளைகள் தாண்டினால் 137.5 பாகை! 55-உம் 144-உம் பிபனாச்சி வரிசையின் எண்கள் என்பதால் நேர்ந்த பொருத்தம் இது. இரண்டுக்கும் பொதுக்காரணி இல்லாமையால் 144 துளைகளும் ஒவ்வொரு முறையாகப் பயன்பட்ட பின்னரே தட்டு தொடக்கத்துக்குத் திரும்புகிறது. 145-ஆம் புள்ளி முதற்புள்ளியின் ஆரக்கோட்டில் விழும். உண்மையான பொன்கோணத்தில் அவ்வாறு ஒருபோதும் நேராது. சில நூறு துளைகள்வரை கண் இவ்வேறுபாட்டை அறியாது. துளைகள் ஆயிரக்கணக்கில் பெருகினால் விளிம்பில் 144 ஆரக்கால்கள் தலைகாட்டத் தொடங்கும். எங்கு நிறுத்துவது என்பதைக் கடைபவரின் கண் தீர்மானிக்கிறது. பெயர்ச்சீட்டில் 'பிபனாச்சி' என்று எழுதுவதைவிட, இத்தட்டின் எல்லையை உணர்ந்து துளைகளை நிறுத்திய பொருளில் கணிதம் ஆழமாக வேலை செய்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

புளுமியேயும் ஈழத்தலரியும்

கடைசல் குறித்த பழைய விரிவான அச்சு நூல்களுள் ஒன்று சார்லசு புளுமியே 1701-இல் லியோன் நகரில் வெளியிட்ட பிரெஞ்சு-இலத்தீன் நூல். அவர் ஒரு துறவி, தாவரவியலாரும் ஆவார். நம் கோயில் வளாகங்களில் நிற்கும் ஈழத்தலரியின் அறிவியற்பெயரான புளுமேரியா அவர் நினைவாக இடப்பட்டது. அப்பூவின் ஐந்து இதழ்களும் ஒன்றன்மேல் ஒன்று ஒரே திசையில் அணைந்து காற்றாடிபோல் அமைகின்றன. ஐந்தில் ஒரு பங்கு சுழற்றினால் பூ மாறாது. கண்ணாடியில் காட்டினாலோ இதழ்கள் எதிர்த்திசையில் அணையும். சுழற்சிச் சமச்சீர் உண்டு, ஆடிச் சமச்சீர் இல்லை. தம் பெயரைத் தாங்கிய பூவுக்கும் தாம் எழுதிய தொழிலுக்கும் உள்ள இவ்வுறவை அவர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் உறவு மெய்யானது.

காரணம், அக்கால ரோசா எந்திரம். இவ்வகைக் கடைசலில் தண்டோடு சேர்ந்து அலைவிளிம்புடைய ஒரு தகடும் சுழல்கிறது. அவ்விளிம்பு ஓர் ஊன்றுகோலில் உரசுவதால் சுழலும் மரமே பக்கவாட்டில் ஆடுகிறது. நிலையாக நிற்கும் உளி வட்டத்துக்கு மாற்றாகப் பூவிதழ் வளையத்தைப் பதிக்கிறது. தகட்டில் 12 மேடுகள் இருப்பின் 12 இதழ்கள். வளையங்களை ஒன்றுள் ஒன்றாக அப்படியே வெட்டினால், சுழற்சி, ஆடி ஆகிய இருவகைச் சமச்சீரும் கொண்ட பூ கிடைக்கும். ஒவ்வொரு வளையத்தையும் 5 பாகை திருப்பி வெட்டினாலோ, இதழ்முனைகள் சாய்ந்து சாய்ந்து சென்று ஆறாம் திருப்பத்தில் ஓர் இதழின் அகலமான 30 பாகையை எட்டும். அப்போது கண் காண்பது 12 சுருள்கரங்கள். இங்கு எந்த ஒரு கோடும் சுருளன்று; வெட்டப்பட்டவை அனைத்தும் மூடிய வளையங்கள். சுருள், வளையங்களுக்கிடையே உள்ள உறவில் மட்டும் வாழ்கிறது. ஆடிச் சமச்சீரை விலையாகக் கொடுத்துச் சுழற்சியைப் பெறுகிறோம். கெர்மன் வைல் 1952-இல் வெளியிட்ட சமச்சீர் பற்றிய நூலில் பிரித்துக்காட்டும் இருவகைக் குலங்கள் இவையே.

இன்றைய சுவர்வட்டுகளுள் மிக நேர்மையானவை இம்மரபில் வருபவை எனத் துணிந்து கூறலாம். மேலே வரைந்த ஒன்றையன்றி, எந்திரத்தின் ஒழுங்கில் செய்த சிறு மாற்றத்தையே அவை சுருளாக்குகின்றன.

மரம் ஒப்புக்கொள்ளாத வட்டம்

கணிதத்தில் வட்டத்தின் சமச்சீர் முடிவற்றது. மரத்தில் அது தற்காலிகமானது. மரம் உலரும்போது மூன்று திசைகளில் மூன்று வகையாகச் சுருங்குகிறது. பச்சை நிலையிலிருந்து முற்றாக உலரும்வரை தேக்கு ஆரத்திசையில் ஏறத்தாழ 2.5 விழுக்காடும், ஆண்டுவளையத்தைத் தொட்டுச் செல்லும் திசையில் 5.8 விழுக்காடும் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு. பச்சைப் பலகையில் 400 மில்லிமீட்டர் வட்டு கடைந்தால், உலர்ந்த பின் அது குறுக்கே 23 மில்லிமீட்டர் வரை ஒடுங்கிப்போகும். நீளவாக்கில் அப்படியே நிற்கும். வட்டம் முட்டை வடிவாகிறது. முடிவற்ற சுழற்சிகளில் எஞ்சுவது அரைச்சுற்று ஒன்றே.

இதனைத் தவிர்க்கவே துண்டிணைப்புக் கடைசல் வளர்ந்தது. 12 துண்டுகளை வளையமாக ஒட்டும்போது ஒவ்வொரு முனையும் 15 பாகையில் அறுக்கப்பட வேண்டும். ஓர் அறுப்பில் பாகையின் பத்தில் ஒரு பங்கு பிழைத்தால் 24 அறுப்புகளில் 2.4 பாகை திரண்டு, கடைசி மூட்டு வாய்பிளக்கும். பிழையின்றி அமைந்தால் மரநார் வளையத்தைச் சுற்றியே ஓடும். சுருங்கினாலும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் சுருங்கும். சமச்சீர் இங்கு மேற்பரப்பின் அழகாக நில்லாமல் பொருளின் உடற்கூறாகிறது.

ஆயினும் இம்முறைக்கு ஓர் இழப்பு உண்டு. ஒற்றைப் பலகையில் கடைந்த வட்டில் மரநார் ஒரு திசையில் ஓட, உளி வட்டமாக ஓடுகிறது. வளர்ச்சியின் கோடும் கருவியின் கோடும் ஒன்றையொன்று வெட்டும் இடங்களிலெல்லாம் புதிய உருக்கள் பிறக்கின்றன. துண்டிணைப்பில் இந்தப் பூசல் அடங்கிவிடுகிறது. மிகத் திருத்தமான துண்டிணைப்பு வட்டுகள் சில, கைவேலை என்ற உணர்வையே தராமல் அச்சிட்ட ஓடுகளைப்போல் தோன்றுவது இதனால்தான்.

சுவர் செய்யும் மாற்றம்

கடைந்த கிண்ணத்தை மேசையில் வைத்துப் பார்க்கும்போது அதன் அச்சு மேல்நோக்கி நிற்கிறது. நாம் காண்பது பக்கவாட்டு வளைவை. அதே பொருளைச் சுவரில் மாட்டினால் அச்சு பார்ப்பவரின் கண்ணை நோக்கித் திரும்புகிறது. பக்கவாட்டு வளைவு மறைகிறது. எஞ்சுவது வளையங்களும் ஒளியும். கடைசலின் முதன்மை அழகெனக் கருதப்பட்ட ஒன்றையே சுவர் பறித்துக்கொள்கிறது என்பதைத் திறனாய்வு கவனத்தில் கொள்ள வேண்டும்.

பதிலுக்குச் சுவர் தருவது சாய்ந்த ஒளி. நுண்ணிய வளையக் கோடுகளை அழிக்காமல் விட்ட வட்டின்மேல் ஒருபக்க விளக்கொளி விழும்போது, மையத்தின் இருபுறமும் இரு ஒளிவிசிறிகள் விரியும். பார்ப்பவர் நடந்தால் அவையும் திரும்பும். இசைத்தட்டைக் கையில் பிடித்துப் பார்த்தவர் இதனை அறிவர். முன்பு கூறிய அரை மில்லிமீட்டர்ச் சுருள் தேய்த்தழிக்கப்படாமல் நின்றால் பெறும் பயன் இது.

செங்குத்துப் பரப்பில் கடைசலை வைப்பதற்கு ஐரோப்பிய மரபில் முன்னோடி உண்டு. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பெட்டகங்களின் முகப்பில், கடைந்த தண்டை நெடுக்காகப் பிளந்து பாதியைத் தட்டைப்பக்கம் ஒட்டிய பிளவுக் கடைசல் அணிவேலையைக் காணலாம். பிளத்தல் என்னும் அச்செயலை அணிநிலையிலிருந்து சிந்தனை நிலைக்கு உயர்த்தியவர் இசுடீபன் ஆக்பின். இங்கிலாந்தில் பிறந்து 1968-இல் கனடாவில் குடியேறிய அவர், கடைந்த உருக்களை அறுத்துத் துண்டுகளை வேறு முறையில் இணைத்தார்; பெருவட்டங்களைக் கடைந்து அறுத்து இருக்கைகளாக்கினார். 1980-இல் மரக்கடைசல் குறித்த நூலும் எழுதினார். ஒரு வட்டை விட்டத்தில் அறுத்து, பாதிகளை ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தி ஒட்டினால் தொடர்வளையங்கள் படிமுறை அலையாகின்றன. அரைவட்டங்களை ஒரு வளைய அகலம் நகர்த்தி இணைத்தால் சுருளே கிடைக்கிறது: மேற்பாதியின் முதல் வளையம் கீழ்ப்பாதியின் இரண்டாம் வளையத்தோடு சேர்ந்து உள்நோக்கி ஓடும். எந்தச் சூத்திரப் பெயரும் இன்றி, ஒற்றை அறுப்பில் வட்டம் சுருளாகும் இம்முறை, பொன்விகிதப் பெயர்ச்சீட்டுகள் பலவற்றைக் காட்டிலும் கணிதச் செறிவுடையது. சமச்சீரைப் படைப்பதைவிட, படைத்த சமச்சீரை எங்கு முறிப்பது என்பதே இங்குக் கலைஞரின் வினா.

யாருடைய கணிதம்

இவ்விவாதம் தமிழ்ச்சூழலைத் தொடும் இடம் ஒன்று உண்டு. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் கடைசல் பிடித்து அரக்குச் சாயம் ஏற்றப்படுபவை. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தும்போது உராய்வின் வெம்மையில் அது உருகிப் படிகிறது. குச்சியை அழுத்தியபடி நகர்த்தும்போது நிறம் திருகாகவும் சுருளாகவும் ஏறுகிறது. தட்டின் முகத்தில் அது வரைவது ஆர்க்கிமிடீசு வரையறுத்த வளைவே. இதனைக் கணிதக் கலை என்று எந்தப் பெயர்ச்சீட்டும் கூறுவதில்லை. விளையாட்டுப்பொருள் என்று கூறி நகர்ந்துவிடுகிறது. மறுபுறம், நின்ற எந்திரத்தில் வார்ப்படம் வைத்து வரைந்த சுருளுக்குக் 'கணித உந்துதல்' என்னும் மதிப்பு எளிதில் கிட்டுகிறது. 'கணிதம்' என்ற சொல் இங்கு விளக்கச்சொல்லாக இல்லாமல் தகுதிச்சொல்லாகச் செயல்படுகிறது. யார் பட்டறையில் இருந்தார், யார் காட்சிக்கூடத்தில் இருந்தார் என்பதையே அது பிரிக்கிறது. சிற்பத்தையும் ஓவியத்தையும் நுணுகி ஆராயும் நம் கலைத்திறனாய்வு கடைசலை நாட்டார் கைவினை என்ற பட்டியலோடு விட்டுவிடும்வரை இப்பிரிவினை நீடிக்கும்.

இதற்கு மாற்று, பொருளை விவரிக்கும் முறையிலிருந்தே தொடங்கலாம். சுவர்க் கடைசல் ஒன்றை ஆவணப்படுத்தும்போது விட்டமும் மரத்தின் பெயரும் மட்டும் குறிக்கப்படுகின்றன. மரநார் ஓடும் திசை, ஒற்றைப் பலகையா துண்டிணைப்பா என்பது, சுருள் மரம் சுழலும்போது வெட்டப்பட்டதா நின்றபின் செதுக்கப்பட்டதா என்பது ஆகியவையும் குறிக்கப்பட வேண்டும். மாட்டும் கொக்கியின் இடமும் முக்கியம். கணிதத்தில் வட்டுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. கொக்கியே அவற்றைத் தருகிறது. மரநார் கிடையாக அமைந்தால் வட்டு நீர்ப்பரப்பாகத் தோன்றும். செங்குத்தாக அமைந்தால் நிற்கும் மரமாகத் தோன்றும். சுவரை நோக்கி மறைந்திருக்கும் பின்புறத்தில் முகத்தட்டின் திருகாணித் துளைகள் எஞ்சியிருக்குமாயின், சுழற்சியின் மையம் எங்கிருந்தது என்பதற்கு அவையே சான்று. ஒளிப்படம் எடுப்போர் வட்டைத் திருப்பி அப்பக்கத்தையும் ஒருமுறை எடுப்பது நலம்.